பெயரில்லாத கம்பிகள்

லினக்ஸில் ‘டெவ்’ என்று ஓர் அடைவு உண்டு. கணினியோடு இணைந்திருக்கும் பெரும்பாலான கருவிகளுக்கு அதற்குள் கோப்புகள் இருக்கும். வன்தட்டுக்கு ஒன்று, மவுசுக்கு ஒன்று என்று போகும் அந்தப் பட்டியலில் டிடிஒய்எஸ்0, டிடிஒய்எஸ்1, டிடிஒய்எஸ்2 என்று சில பெயர்கள் வரிசையாக வரும். லினக்ஸ் பயன்படுத்துகிறவர்களில் பாதிப் பேர் அவற்றைத் தொட்டே இருக்கமாட்டார்கள். டிடிஒய் என்பது டெலிடைப்பின் சுருக்கம். தந்திக் கம்பியில் தட்டச்சு செய்த அந்த இரும்பு இயந்திரங்கள் அருங்காட்சியகத்துக்குப் போய்ப் பல வருடங்களாகிவிட்டன. பெயர் மட்டும் இன்னும் உங்கள் லேப்டாப்புக்குள் இருக்கிறது. எஸ் என்றால் சீரியல்.

சீரியல் போர்ட்டின் மின் விதிகளைச் சொல்லும் ஆர்எஸ்-232 தரநிலை 1960இல் வந்தது. விதி எளிமையானது. கம்பியில் மைனஸ் 3 முதல் மைனஸ் 15 வோல்ட் வரை இருந்தால் அது 1. பிளஸ் 3 முதல் பிளஸ் 15 வரை இருந்தால் 0. அனுப்ப ஒரு கம்பி, வாங்க ஒரு கம்பி, தரைக்கு ஒரு கம்பி. மூன்று கம்பி இருந்தால் இரண்டு கருவிகள் பேசிக்கொள்ளலாம். வேகம் எவ்வளவு, ஒரு எழுத்துக்கு எத்தனை பிட் என்பதை இரண்டு பக்கமும் முன்கூட்டியே ஒப்புக்கொண்டிருக்க வேண்டும், அவ்வளவுதான்.

இதில் இல்லாத ஒன்றைத்தான் இந்தக் கட்டுரை முழுக்கச் சொல்லப்போகிறேன். ஆர்எஸ்-232இல் ‘நீ யார்?’ என்ற கேள்வி கிடையாது. யுஎஸ்பி கருவியைச் செருகினால் அது முதலில் தன்னை அறிமுகப்படுத்திக்கொள்ளும். தயாரித்த நிறுவனத்தின் எண், பொருளின் எண், சிலவற்றில் தனக்கே தனக்கான வரிசை எண். சீரியல் கம்பி எதையும் சொல்லாது. அந்தப் பக்கம் தராசு இருக்கிறதா, மோடம் இருக்கிறதா, ஒன்றுமே இல்லையா என்று கணினிக்குத் தெரியாது. எந்தத் துளையில் செருகியிருக்கிறதோ அந்த இடம்தான் அதன் பெயர்.

கல்லூரியில் மைக்ரோபிராசஸர் ஆய்வகத்தில் 8251, 8259 என்று இரண்டு சில்லுகள் இருந்தன. முதலாவது சீரியல் தொடர்புக்கு, இரண்டாவது இன்டரப்ட்டுக்கு. வைவாவுக்கு முதல்நாள் இரவு படித்து, மறுநாள் மதியம் மறந்துபோகிற விஷயங்கள். “இதெல்லாம் இப்ப யாருடா யூஸ் பண்றா?” என்று பெஞ்சில் எல்லோரும் பேசிக்கொள்வோம். வேலைக்கு வந்த பிறகுதான் தெரிந்தது, எடைமேடை, மருத்துவ ஆய்வகக் கருவி, தொழிற்சாலை பிஎல்சி, டெலிஃபோன் எக்ஸ்சேஞ்ச் என்று நாடு முழுக்க ஏராளமான பெட்டிகளின் முதுகில் அந்த ஒன்பது ஊசித் துளை இருக்கிறது என்பது.

ஐபிஎம் பிசி 1981இல் வந்தபோது அதில் சீரியல் வேலையைச் செய்த சில்லு 8250. இன்றும் லினக்ஸ் கெர்னலில் சீரியல் டிரைவரின் பெயர் 8250தான். பிசியில் காலப்போக்கில் நான்கு போர்ட்டுகளுக்கு முகவரி நிலைபெற்றது. ஹெக்ஸில் 3எஃப்8, 2எஃப்8, 3இ8, 2இ8. ஆனால் இன்டரப்ட் கோடுகள் இரண்டுதான். முதலாவதும் மூன்றாவதும் 4ஆம் எண்ணுக்கு, இரண்டாவதும் நான்காவதும் 3ஆம் எண்ணுக்கு. நான்கு வீட்டுக்கு இரண்டு காலிங் பெல். பழைய ஐஎஸ்ஏ ஸ்லாட்டில் இது பெரிய தலைவலி. அங்கே இன்டரப்ட் என்பது கோடு தாழ்விலிருந்து மேலே எழும் அந்தக் கணம் மட்டுமே. ஒருவர் ‘சார்!’ என்று ஒருமுறை கூப்பிடுவது மாதிரி. ஒருவர் கூப்பிட்ட குரல் அடங்குவதற்குள் இன்னொருவர் கூப்பிட்டால் இரண்டாவது குரல் கேட்காது. பின்னால் வந்த பிசிஐயில் முறை மாறியது. கையைத் தூக்கினால், கவனிக்கும்வரை தூக்கியபடியே வைத்திருக்க வேண்டும். பத்துப் பேர் தூக்கினாலும் யாரும் விடுபடமாட்டார்கள்.

எட்டுத் துளையுள்ள மல்ட்டிபோர்ட் கார்டுகள் எதற்கு என்றால், எட்டுக் கருவிகள் இருக்கும் இடத்தில் எட்டுக் கணினி வாங்க முடியாது என்பதற்காக. ஒரு கணக்குப் பாருங்கள். 9600 வேகத்தில், எழுத்துக்குப் பத்து பிட் என்றால், ஒரு போர்ட்டில் விநாடிக்கு 960 எழுத்து வரும். எட்டு போர்ட்டுக்கு 7,680. ஒவ்வொரு எழுத்துக்கும் ஓர் இன்டரப்ட் என்றால், செய்துகொண்டிருக்கும் வேலையை கணினி விநாடிக்கு ஏழாயிரம் முறைக்கு மேல் நிறுத்திவிட்டு எழுந்துபோக வேண்டும். 8250 சில்லில் அப்படித்தான். ஓர் எழுத்து வந்து உட்கார ஒரே நாற்காலி. அதை எடுக்காவிட்டால் அடுத்த எழுத்து வந்து அதன் மேல் உட்கார்ந்துவிடும். 16550ஏ சில்லில் 16 எழுத்து காத்திருக்கும் ஒரு வரிசை வந்தது. ஒரு மில்லிவிநாடியாக இருந்த அவகாசம் பதினாறாக ஆனது. மல்ட்டிபோர்ட் கார்டுகளுக்கு உயிர் வந்தது இதனால்தான்.

பழைய கார்டுகளைக் கட்டமைக்க லினக்ஸில் ‘செட்சீரியல்’ என்று ஒரு கமாண்ட். லினக்ஸின் சீரியல் டிரைவரைத் தொடக்க வருடங்களில் பராமரித்த தியோடர் சோ அதையும் எழுதியவர். அதைப் பயன்படுத்துகிற எல்லோருமே முதலில் ஒரு விஷயத்தைத் தவறாகப் புரிந்துகொள்வார்கள். அந்தக் கமாண்ட் கார்டில் எதையும் மாற்றாது. ‘இந்த முகவரியில், இந்த இன்டரப்ட்டில் ஒரு போர்ட் இருக்கிறது’ என்று கெர்னலிடம் சொல்லும், அவ்வளவுதான். உண்மையான முகவரி கார்டின் மீதுள்ள குட்டி ஜம்பர்களில் இருக்கும். நீங்கள் சொல்வதும் ஜம்பர் சொல்வதும் வேறுவேறாக இருந்தால் கெர்னல் உங்கள் பேச்சை நம்பி, ஆளில்லாத வீட்டு வாசலில் காத்துக்கொண்டிருக்கும்.

பிசிஐ வந்த பிறகு ஜம்பர் போனது. கார்டே தன்னைச் சொல்லிக்கொள்கிறது, கெர்னல் தானே கண்டுபிடிக்கிறது. இருந்தும் ஒரு பிரச்சினை மிச்சம். பல விநியோகங்களில் 8250 டிரைவர் நான்கு போர்ட்டுக்குத்தான் இடம் ஒதுக்கி வைத்திருக்கும். எட்டுத் துளை கார்டைச் செருகினால் இரண்டு மூன்று துளைகள் வேலை செய்யும். மற்றவற்றுக்கு பூட் பதிவில் ‘பதிவுசெய்ய முடியவில்லை, மைனஸ் 28’ என்று வரும். 28 என்பது இடமில்லை என்பதற்கான பிழை எண். கார்டு பழுது என்று கடையில் திருப்பிக் கொடுத்தவர்களை எனக்குத் தெரியும். பூட் வரியில் ‘8250.என்ஆர்_யுஆர்ட்ஸ்’ என்பதை 16 என்று வைத்து மறுபடி கிளப்பினால் எட்டும் எழுந்து உட்காரும். முதல் நான்கு எண்கள் பழைய பிசி போர்ட்டுகளுக்கு என்று இருப்பதால், கார்டின் முதல் துளை பெரும்பாலும் டிடிஒய்எஸ்4 ஆக வரும்.

இந்த ‘பெரும்பாலும்’ என்ற சொல்லால் ஒரு அம்மாவின் பெயர் கெட்டுப்போக இருந்தது.

ஈரோடு பக்கம் ஒரு கிராமத்தில் பால் சொசைட்டி. பால் ஊற்ற வருகிறவர்கள் அதிகம் என்பதால் இரண்டு லைன். லைனுக்கு ஒரு மின்தராசு, பாலில் கொழுப்பும் எஸ்என்எஃப்பும் பார்க்கும் ஒரு அனலைசர், சுவரில் சிவப்பு எண்கள் ஓடும் ஒரு டிஸ்ப்ளே போர்டு. மூன்றும் சீரியல். நடுவில் ஒரே லினக்ஸ் கணினி. லைனுக்கு ஒன்றாக, நான்கு துளையுள்ள ஒரே மாதிரியான இரண்டு கார்டுகள். முதலில் யுஎஸ்பி கன்வர்ட்டர்தான் போட்டிருந்தார்களாம். மலிவான கன்வர்ட்டர்களுக்குத் தனி வரிசை எண் இருக்காது. கரண்ட் போய் வரும்போதெல்லாம் 0 என்பது 1 ஆகும், 1 என்பது 0 ஆகும். அதனால்தான் கார்டுக்கு மாறினார்கள். நான் வேலை பார்த்த சிறிய நிறுவனம் அந்த மென்பொருளுக்குப் பராமரிப்பு ஒப்பந்தம் எடுத்திருந்தது.

கிளார்க் அண்ணன் நடுவில் உட்கார்ந்திருப்பார். திரையில் இரண்டு கட்டம். முதல் லைனில் நிற்பவரின் உறுப்பினர் எண்ணை இடது கட்டத்தில் அடித்தால், அந்த லைன் தராசின் எடையும் அனலைசரின் ஃபேட்டும் அதில் வந்து சேரும். ரூபாய் கணக்காகிச் சீட்டு அச்சாகும். போர்டில் எடை, ஃபேட், எஸ்என்எஃப், தொகை மட்டும் ஓடும். உறுப்பினர் எண் ஓடாது.

2018 ஐப்பசியில் ஒரு இடி. மதர்போர்டு போய்விட்டது. உள்ளூர்க் கடைக்காரர் வேறு மதர்போர்டு போட்டு, கார்டுகளை முன்பிருந்த அதே வரிசையில், மேலே இருந்ததை மேலேயும் கீழே இருந்ததைக் கீழேயும் செருகி, கேபிள்களையும் சரியாக மாட்டிக் கொடுத்திருக்கிறார். எல்லாம் ஓடியது. மூன்று நாள் கழித்துச் செயலாளர் கூப்பிட்டார்.

“தம்பி, மெசினு நல்லாத்தான் ஓடுதுங்க. ஆனா ஒருத்தரு சண்டைக்கு நிக்குறாங்க. நீங்க ஒருக்கா வந்து பாத்துட்டுப் போனா நல்லாருக்கும்.”

நான் போனபோது அந்த அம்மா திண்ணையில் உட்கார்ந்திருந்தார். அறுபது வயதுக்கு மேல் இருக்கும். பக்கத்தில் காலிப் போசி. கையில் மூன்று நாள் சீட்டுகளைச் சுருட்டி வைத்திருந்தார்.

“ஏஞ்சாமி, நீதான் மெசினுக்காரனா? என்றது எருமைப் பாலு. செவுத்துல ஆறு எட்டுன்னு ஓடுச்சு, என்ற கண்ணால பாத்தேன். சீட்டுல நாலுன்னு போட்டுக் குடுக்குறாங்க. கேட்டா கண்ணு தெரியலைங்கறாங்க.”

அவர் சொல்லாத ஒன்றைச் செயலாளர் பிறகு தனியாகச் சொன்னார். வரிசையில் நின்ற யாரோ, “எருமைப் பாலுல தண்ணி ஊத்துனா நாலுதான் வரும்” என்று சொல்லிச் சிரித்திருக்கிறார்கள். பசும்பாலில் கொழுப்பு நான்கு சதவீதத்தை ஒட்டி இருக்கும், எருமைப் பாலில் ஆறு, ஏழு என்று போகும். இது அங்கே எல்லோருக்கும் தெரியும். நான்கு என்று அச்சாகி வந்தால் அதற்கு ஊரில் ஒரே அர்த்தம்தான். பணம் குறைந்ததைவிட அந்தச் சிரிப்புதான் அவரை மூன்று நாளாகத் திண்ணையில் உட்கார வைத்திருந்தது.

கெர்னலில் சீரியல் போர்ட்டுகளின் நிலவரத்தைக் காட்டும் ஒரு கோப்பு உண்டு. ‘ப்ராக்’ அடைவில், டிடிஒய், டிரைவர், சீரியல் என்று உள்ளே போனால் கிடைக்கும். ஒவ்வொரு போர்ட்டும் எத்தனை எழுத்து அனுப்பியது, எத்தனை வாங்கியது, எத்தனை எழுத்து சிதைந்தது, எத்தனை வழிந்துபோனது என்று எல்லாம் இருக்கும். பார்த்தேன். சிதைவு இல்லை, வழிதல் இல்லை. ஆறு போர்ட்டும் சுத்தம். அனலைசருக்குத் தெரிந்த சாம்பிள் கொடுத்துப் பார்த்தோம், சரியாகச் சொன்னது. தராசு சரி. போர்டு சரி. இந்த இடத்தில் எழுந்து, ‘மெசின் கரெக்ட்டுங்ணா’ என்று கையெழுத்து வாங்கிக்கொண்டு பஸ் ஏறுவது மிகவும் சுலபம். எல்லாச் சான்றும் அதைத்தான் சொன்னது, அந்த அம்மாவின் கண்ணைத் தவிர.

அப்போது கிளார்க் அண்ணன் ஒரு பேச்சுக்குச் சொன்னார், “புது போர்டு போட்டதுலருந்து ஒரு சின்ன இதுங்க தம்பி. கடைசில ஆளு கம்மியா இருக்கறப்ப நம்பர் அடிச்சா எடுக்க மாட்டேங்குது. அடுத்த கட்டத்துல அடிச்சா எடுத்துக்குது. நானும் அப்படியே அடிச்சுக்கறேன்.”

எழுந்துபோய் முதல் லைன் தராசின் மேல் கையை வைத்து அழுத்தினேன். இரண்டாவது கட்டத்தில் எடை ஏறியது.

நடந்தது இதுதான். மேலே இருக்கும் ஸ்லாட்டுக்கு முதல் எண் என்று எந்தச் சட்டமும் இல்லை. எந்த ஸ்லாட்டை முதலில் எண்ணுவது என்பது மதர்போர்டின் உள்வயரிங்கைப் பொறுத்தது. புதிய மதர்போர்டில் கீழ் ஸ்லாட் முதலில் எண்ணப்பட்டது. இரண்டாவது லைனின் கார்டு டிடிஒய்எஸ்4இலிருந்து தொடங்கியது, முதல் லைனின் கார்டு டிடிஒய்எஸ்8க்குத் தள்ளப்பட்டது. தராசும் போர்டும் சேர்ந்தே இடம் மாறியதால், போர்டில் ஓடியது அந்தந்த லைனின் உண்மையான அளவு. சுவர் பொய் சொல்லவில்லை. சீட்டில் மட்டும் எதிர் லைனில் நின்றவரின் பால் ஏறியது. கூட்டம் இல்லாதபோது கிளார்க் அண்ணன் தன் போக்கில் மாற்றி அடித்ததால் அந்தச் சீட்டுகள் சரி. கூட்ட நேரத்தில் இரண்டு கட்டத்திலும் ஏதோ ஓர் எண் வந்துகொண்டே இருந்ததால், அந்தச் சீட்டுகள் எல்லாம் தப்பு. பசு வைத்திருந்தவர்களுக்கு மூன்றே முக்காலும் நாலும் மாறி வந்ததில் வித்தியாசம் கண்ணுக்குத் தெரியவில்லை. அந்த வரிசையில் எருமை வைத்திருந்தவர் அவர் ஒருவர்தான்.

கடைக்காரர் மேல் குற்றமில்லை. அவர் இருந்த மாதிரியே செருகினார். கிளார்க் மேலும் இல்லை, அவர் வேலை நிற்கக் கூடாது என்று ஒரு வழி கண்டுபிடித்தார். ஆனால் அந்த வழிதான் பழுதை மூன்று நாள் மூடி வைத்திருந்தது. அலுவலகங்களில் இதை நிறையப் பார்த்திருக்கிறேன். எங்கே ஒரு கெட்டிக்காரர் இருக்கிறாரோ அங்கே இயந்திரத்தின் கோளாறு தாமதமாகத்தான் வெளியே வரும்.

கட்டமைப்புக் கோப்பில் 4, 5, 6 இருந்த இடத்தில் 8, 9, 10 என்று மாற்ற ஒரு நிமிடம் போதும். ஆறு வேளைக் கணக்கைத் திருத்தத்தான் இரண்டு நாள் பிடித்தது. நல்லவேளையாக அந்த மென்பொருள், எந்த போர்ட்டில் எந்த விநாடி என்ன வரி வந்தது என்று ஒரு பதிவு வைத்திருந்தது. எண் அடித்த நேரத்தையும் எதிர் போர்ட்டின் வரிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பொருத்தினேன். பெரும்பாலானவை பொருந்தின. அந்த அம்மாவின் ஆறு எட்டும் கிடைத்தது, அவர் சொன்ன நாளில், சொன்ன வேளையில். கூட்டம் குறையத் தொடங்கும் நேரத்துச் சீட்டுகள் சிலவற்றில் மட்டும், கிளார்க் நேராக அடித்தாரா மாற்றி அடித்தாரா என்று எப்படிப் பார்த்தாலும் தெரியவில்லை.

“அந்தச் சீட்டுக்கெல்லாம் என்னங்ணா பண்றது?” என்று செயலாளரிடம் கேட்டேன்.

“ரெண்டுல எது கூடவோ அதைப் போட்டுருங்க தம்பி.”

“கூட வாங்குனவங்ககிட்ட திருப்பிக் கேப்பீங்களா?”

“அதெப்படிக் கேக்கறது? அவங்களா எடுத்தாங்க? கொறைஞ்சவங்களுக்குக் குடுத்துருவோம். நான் கமிட்டில பேசி எழுதிக்கறேன்.”

அடுத்த பட்டுவாடாவில் வித்தியாசத் தொகை போனது. அதற்கு முன்பே, மறுநாள் காலைக் கூட்டத்தில், செயலாளர் வெளியே வந்து நின்று, மெசின் கோளாறுதான், பாலில் ஒன்றுமில்லை என்று எல்லோர் முன்னாலும் சொன்னார். அந்த அம்மா, “அதைத்தானே நானும் சொன்னேன்” என்று மட்டும் சொல்லிவிட்டுப் போசியைத் தராசில் வைத்தார்.

இனி இது நடக்காமலிருக்க என்ன செய்வது என்பது மிச்சமிருந்தது. லினக்ஸ் தெரிந்த நண்பர்களிடம் சொன்னால் உடனே, யுடெவ் விதி எழுது, பாதை வைத்துப் பெயர் கொடு என்பார்கள். ‘டெவ்’ அடைவுக்குள் சீரியல் என்றொரு அடைவில் அப்படி நிலையான பெயர்கள் கிடைக்கும். நல்ல வழிதான். ஆனால் அந்தப் பாதை என்பதும் ஸ்லாட்டின் பாதை. மதர்போர்டு மாறினால் பாதையும் மாறும். கார்டுகள் இரண்டும் அச்சுப் பிசகாமல் ஒன்று. இந்தப் பக்கமிருந்து எவ்வளவு உள்ளே போய்ப் பார்த்தாலும், ‘கம்பியின் மறுமுனையில் இருப்பது யார்?’ என்பதற்குக் கணினியிடம் பதில் இல்லை. பதில் மறுமுனையில்தான் இருக்கிறது.

சொசைட்டியில் தராசைச் சோதிக்க, எடையளவுத் துறை முத்திரை போட்ட ஐந்து கிலோ கல் ஒன்று இருந்தது. மென்பொருளில் ஒரு சின்னப் படி சேர்த்தேன். ஒவ்வொரு வேளையும் தொடங்கும்போது திரை கேட்கும்: கல்லை முதல் லைனில் வைக்கவும். முதல் லைன் ஐந்து கிலோவும் இரண்டாவது லைன் பூஜ்யமும் காட்டினால்தான் அடுத்ததுக்குப் போகும். பிறகு கல்லை இரண்டாவது லைனுக்கு மாற்ற வேண்டும். அனலைசரைக் கழுவும்போது வரும் வரியை வைத்து அதற்கும் இதே மாதிரி ஒரு சோதனை. எல்லாம் சேர்ந்து ஒரு நிமிடம்கூட ஆகாது. போர்டில் உறுப்பினர் எண்ணும் ஓடும்படி செய்தேன். கார்டுகளின் முதுகில் செயலாளரே ஒரு சிவப்புப் பொட்டும் ஒரு பச்சைப் பொட்டும் வைத்தார். கேபிள்களிலும் அதே நிறத்தில் டேப் சுற்றினார்.

நிறுவனத்தில் இதைச் சொன்னபோது, ஒரு சீனியர் இதை ஒரு தற்காலிக ஒட்டுவேலை என்றார். தராசுகளை ஈத்தர்நெட்டுக்கு மாற்றிவிட்டால் ஒவ்வொன்றுக்கும் தனி முகவரி வந்துவிடும், பிரச்சினை முடிந்தது என்றார். அப்போது நான் ஒன்றும் சொல்லவில்லை. பின்னாட்களில் ஐபி முகவரி மாறிப்போன கருவிகளையும், நகலெடுத்த மேக் முகவரிகளையும், ஒரே சாவியைப் பகிர்ந்துகொண்ட இரண்டு சர்வர்களையும் பார்த்துவிட்டேன். பெயர் என்பது நாம் ஒட்டுகிற சீட்டு. அது எந்தப் பொருளின் மேல் ஒட்டியிருக்கிறது என்று அவ்வப்போது யாராவது எழுந்துபோய்ப் பார்த்துவிட்டு வர வேண்டியிருக்கிறது.

இரண்டு வருடம் கழித்து அந்த ஒப்பந்தம் வேறு நிறுவனத்துக்குப் போனது. மென்பொருளும் மாறிவிட்டது. புதியதில் கல் வைக்கச் சொல்லும் படி கிடையாது. ஆனாலும் கிளார்க் அண்ணன் காலையில் முதல் வேலையாக ஐந்து கிலோ கல்லை எடுத்து முதல் லைனில் வைத்துப் பார்த்துவிட்டு, இரண்டாவதிலும் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் ஷட்டரை முழுசாகத் தூக்குகிறார் என்று, ஒருமுறை ஃபோனில் பேசியபோது செயலாளர் சொன்னார்.